கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று விற்கும் உதிரிப் பாக்கெட்டுகள்: திருகோணமலைக்காரர்கள் கவனம்

வீட்டிலிருந்து கேக் செய்து கொடுப்பவர்கள், திருகோணமலை டவுனில் பெயர் அச்சிடாத சின்னப் பாக்கெட்டில் கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் எழும்ப அப்பச்சோடாவோடு சேர்க்கும் புளிப்புத் தூள்) வாங்கியிருந்தால், அதைத் தொடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பேக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். பெரிய பையிலிருந்து அவர்களே பிரித்துக் கட்டி, பேனையால் பெயர் எழுதி ஒட்டிய பாக்கெட். திகதி இல்லை, எங்கிருந்து வந்தது என்றும் இல்லை. உவர்மலையில் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கேக் ஓடர். அப்பச்சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்ட்டர் இரண்டு பங்கு என்று கலந்து பேக்கிங் பவுடரை நானே செய்வதுதான் வழக்கம். அன்றைக்கு மாவில் பாலை ஊற்றியதுமே கிண்ணத்தில் குபுகுபுவென்று நுரைத்தது. கேக் எழும்பவில்லை, நடுவில் அமுங்கிவிட்டது, வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. இன்றைய விலையில் அத்தனை முட்டையும் பட்டரும் குப்பைக்குப் போயின. ஓடரைக் கைவிட முடியுமா? இரவிரவாக இருந்து வேறு கேக் செய்து கொடுத்தேன்.

அப்புறம் மிச்சத்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். நல்ல கிரீம் ஆஃப் டார்ட்டர் மா மாதிரி இருக்கும், விரலில் ஒட்டும். இது சீனிபோல மணிமணியாக மின்னியது. அரைத் தம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கினால், ஒரு துளி மிஞ்சாமல் கரைந்துவிட்டது. உண்மையான சாமான் குளிர்ந்த தண்ணீரில் லேசில் கரையாது. 100 மில்லிலீற்றரில் ஒரு கிராம்கூடக் கரையாமல் அடியில் வெள்ளையாகத் தங்கும்.

கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் அக்கா, திராட்சையில வாற புளிப்புத்தானே" என்று கடைக்காரர் பெரிய பையைக் காட்டினார். அதில் அச்சிட்டிருந்தது டார்டாரிக் அமிலம்!

ஒன்றே இல்லை. கிரீம் ஆஃப் டார்ட்டர் அந்த அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, புளிப்பு பாதி அடங்கியது. 5 கிராம் சோடாவுக்கு அது 11 கிராம் வேண்டும்; அமிலம் என்றால் நாலரைக் கிராமே போதும். வழக்கம்போல இரண்டு பங்கு போட்டதால்தான் புளிப்பு மிஞ்சிவிட்டது. அமிலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நம் புளியின் புளிப்பே பெரும்பாலும் அதுதான், அளவறிந்து போட்டால் ஜாமுக்கும் சர்பத்துக்கும் நல்ல சாமான். பெயரை மாற்றி விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீனி என்று நினைத்து ஒரு பிள்ளை அள்ளி வாயில் போட்டால் என்ன ஆகும்? வாயும் தொண்டையும் எரியும்.

காசைக் கேட்டதற்கு, திறந்த பாக்கெட்டை எடுக்க மாட்டோம், பில் எங்கே என்றார். வாங்கிய அன்று நான் கேட்டும் பில் தரவில்லை.

வாங்கும்போது அச்சிட்ட டின்னாகப் பார்த்து வாங்குங்கள். சேர்மானத்தில் உணவுச் சேர்க்கை எண் 336 என்றிருந்தால் கிரீம் ஆஃப் டார்ட்டர், 334 என்றால் டார்டாரிக் அமிலம். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மிச்சப் பாக்கெட்டை அப்படியே கட்டி வைத்திருக்கிறேன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கப்போகிறேன். இதேபோலக் கேக் கெட்டுப்போனவர்கள் இருந்தால் பாக்கெட்டை எறியாமல் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.