மிஸ்டர் ஃப்ரீஸா, காம்பிட்டா?

அனிமேஷன் சூப்பர் ஹீரோ தொடர்களில் ஆகச் சிறந்த எபிசோட் எது என்று கேட்டால், கும்பகோணத்தில் எங்கள் நண்பர் வட்டத்தில் இரண்டு கட்சி. ஒன்று, 1992-ல் வந்த பேட்மேன் தொடரின் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. இன்னொன்று, 2024-ல் வந்த 'எக்ஸ்-மென் 97'-இன் 'ரிமெம்பர் இட்'. நான் முதல் கட்சி. கதையை உடைக்காமல் இதைப் பேச வழியில்லை, பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

'ஹார்ட் ஆஃப் ஐஸ்'ஸின் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் 1959-ல் காமிக்ஸில் நுழைந்தபோது அவர் பெயர் மிஸ்டர் ஜீரோ. பனித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வைரம் திருடும் சில்லறை வில்லன். இந்த எபிசோடின் எழுத்தாளர் பால் டினி அவருக்கு நோரா என்று நோயாளி மனைவியைக் கொடுத்தார். குணமாக்கும் வழி கிடைக்கும்வரை அவளை உறைநிலையில் வைத்திருக்கிறார் கணவர். 'செலவு அதிகம்' என்று கம்பெனி முதலாளி ஃபெரிஸ் பாயில் ஆராய்ச்சியை நிறுத்த வருகிறார். அந்தத் தள்ளுமுள்ளில் உறைய வைக்கும் ரசாயனம் மேலே பட்டு, குளிர்க் கவசத்துக்கு வெளியே வாழ முடியாத மனிதராகப் பிறப்பவர்தான் ஃப்ரீஸ். அதே பாயிலுக்குப் பின்னாளில் மனிதநேயத் தொழிலதிபர் விருது! இந்த எபிசோட் டினிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான டேடைம் எம்மியை வாங்கித் தந்தது.

மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் பார்த்தவர்களுக்கு இதன் ருசி சட்டென்று பிடிபடும். முடிவு ஊருக்கே தெரியும். ஆனாலும் இரணியன் எப்படி வருகிறான், எப்படிப் பேசுகிறான் என்று பார்க்கத்தான் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். ஃப்ரீஸ் மட்டும் கர்ஜிப்பதே இல்லை. அவருக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா ஏற்ற இறக்கமில்லாமல் பேசுகிறார். அழுகை அந்தக் குரலுக்கு அடியில்தான் இருக்கிறது. பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்திருப்பதால் பேட்மேனின் ஊரான கோதம் நகரமே ஃப்ரீஸின் மனநிலைக்குத் தோதாக இருக்கிறது.

சிரிக்கவும் இடம் உண்டு. பேட்மேனுக்குச் சளி. அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரெட் பிளாஸ்கில் கோழி சூப் கொடுத்தனுப்புகிறார், கடைசியில் ஃப்ரீஸின் தலைக்கவசத்தை விரிசல் விடவைப்பது அந்தச் சூடான சூப்தான். நம்ம ஊரில் எழுதியிருந்தால் மிளகு ரசமாக இருந்திருக்கும். இத்தனையும் சுமார் 22 நிமிடத்தில் முடிகிறது, முன்கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, எதிர்க்கட்சி. 'ரிமெம்பர் இட்' பாதி வரை குடும்ப சீரியல் மாதிரிதான் போகிறது: பிறவியிலேயே அதிசய சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'கள் வாழும் ஜெனோஷா தீவில் விருந்து, ரோக், காம்பிட், மேக்னீட்டோ என்ற மூன்று மியூட்டன்ட்களின் காதல் முக்கோணம், ஒரு நடனம். நாம் அசந்திருக்கும் நேரத்தில் மியூட்டன்ட்களை வேட்டையாடும் ராட்சத ரோபோவான சென்டினல் வந்து விழுந்து கூட்டத்தைக் கொன்று குவிக்கிறது. தன்னைக் குத்தித் தூக்கிய அந்த இயந்திரத்துக்குள் காம்பிட் தன் சக்தி முழுவதையும் செலுத்தி வெடிக்க வைத்துச் சாகிறார். தொட்டாலே அடுத்தவர் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடும் ரோக், இனி எதுவும் ஆகாது என்ற நிலையில்தான் அவரை மடியில் கிடத்திக்கொள்கிறாள். ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒரு காட்சிக்கு 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'ஸில் ஈடு கிடையாது.

ஆனால் அந்தக் கனம் அந்த எபிசோடின் சொந்தச் சம்பாத்தியமா? 'எக்ஸ்-மென் 97' எதன் தொடர்ச்சியோ, 1992 முதல் 1997 வரை ஓடிய அந்தப் பழைய எக்ஸ்-மென் தொடரின் 76 எபிசோடுகள் சேர்த்து வைத்த பாசம் அது. திருவாரூரிலிருந்து வந்த என் அக்கா மகனிடம் நேரடியாக இதைப் போட்டுக் காட்டினேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கையில், "மாமா, இப்ப செத்தாரே, அவர் நல்லவரா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை.

அதனால் இரண்டுக்கும் ஒரே அளவுகோலில் நட்சத்திரம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனி எபிசோட் என்று மதிப்பிட்டால் பேட்மேன்தான். தொடரின் ஒரு திருப்பம் என்று பார்த்தால் எக்ஸ்-மென். ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃப்ரீஸைப் போடுங்கள். முழு ஆண்டு லீவும் கிடக்கிறது என்றால் பழைய எக்ஸ்-மென்னிலிருந்து ஆரம்பித்து ஜெனோஷாவுக்கு வந்து சேருங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் அது வேண்டாம், படுகொலையை மூடி மறைத்துக் காட்டும் எபிசோட் இல்லை அது.