ஸ்லாப்பா, சந்தைக் கார்டா, நேரில் வாங்குவதா? கையெழுத்திட்ட பழைய விளையாட்டுக் கார்டுகள்

குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கையெழுத்து என்று சொல்லி விற்கும் கார்டுகளுக்கும் படங்களுக்கும் நம் மலேசியாவில் பஞ்சமே இல்லை. 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அவர் ஜோ பக்னரோடு 15 சுற்று மோதினார். அன்று தொடங்கி, "எங்க அப்பா நேர்ல வாங்கினது" என்று சொல்ல எல்லாருக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்தக் கதையை நம்பிச் சந்தையில் வாங்கலாம். அமெரிக்காவில் சோதித்து பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டிய 'ஸ்லாப்' வாங்கலாம். இல்லையென்றால், கையெழுத்தில்லாத பழைய கார்டை வாங்கிக்கொண்டு நாமே ஆட்டக்காரரைத் தேடிப் போகலாம். பினாங்கில் சேர்க்கத் தொடங்குபவர் காசை விடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். எது நல்லது என்பது யாருடைய கையெழுத்து என்பதைப் பொறுத்தது. அந்தக் கையெழுத்துக்கு யாரால் சாட்சி சொல்ல முடியும் என்று பார்த்தால் போதும்.

முதலில் ஸ்லாப். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய மூன்றும்தான் இதில் பெரிய பெயர்கள். கையெழுத்தைச் சோதிக்க இப்படிக் கம்பெனிகள் தேவைப்பட்டதற்குக் காரணம், 1990களில் அமெரிக்காவில் போலிக் கையெழுத்து ஒரு தொழிற்சாலை மாதிரி நடந்ததுதான். எஃப்பிஐயின் 'ஆபரேஷன் புல்பென்' அந்தக் கும்பலைப் பிடித்தபோது வெளிவந்த சங்கதி, போலிக் கையெழுத்துகள் சான்றிதழோடு சேர்ந்தே விற்கப்பட்டன என்பது. ஆகவே விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் 'அசல்' சான்றிதழுக்கு ஒரு காசு மதிப்பும் தர வேண்டாம்.

அலி, கால்பந்து வீரர்கள் பெலே, பாபி மூர் போன்றவர்களுக்கு ஸ்லாப்தான் சரி. அவர்கள் இப்போது இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான உண்மைக் கையெழுத்துகள் அந்தக் கம்பெனிகளிடம் இருக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டபோது கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அவர்கள் தருவது தேர்ந்த கண்ணின் கருத்து, அவ்வளவுதான். சில ஸ்லாப்களில் கார்டுக்கு ஒரு மதிப்பெண், கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டு இருக்கும். பழைய கார்டுகளில் பல நேரம் மதிப்பெண்ணே இல்லாமல் 'ஆதென்டிக்' (அசல்) என்று மட்டும் இருக்கும். மூலை மழுங்கிய 1960களின் கார்டுக்கு அது போதும். மதிப்பெண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

செலவுதான் இடிக்கும். டாலர் விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி. 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்டு வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. போதாததற்கு ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணைக் கம்பெனியின் தளத்தில் தட்டிப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அப்புறம் சந்தை. ஜார்ஜ் டவுனில் ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தை இந்தப் பைத்தியத்துக்கு நல்ல தீனி. அங்கே சுற்றுவதில் உள்ள சுகத்தை எந்த ஸ்லாப்பும் தராது. ஆனால் கையெழுத்து என்று வந்துவிட்டால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கார்டுகள் பலவற்றில் கையெழுத்தும் படத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும்; டாப்ஸ் கம்பெனியின் 1952 பேஸ்பால் கார்டுகள் அப்படித்தான். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சா, பேனாவா என்று அநேகமாகத் தெரிந்துவிடும். பந்துமுனைப் பேனா அட்டையில் லேசாகப் பள்ளம் விழுத்தும். ஷார்ப்பி மார்க்கர் கடைக்கு வந்ததே 1964இல்தான். 1950களில் போட்டது என்று சொல்லி அந்த மையைக் காட்டினால் நகர்ந்துவிடலாம்.

அலி விஷயத்தில் காலம் இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். 1964இல்தான் அவர் காசியஸ் கிளே என்ற பெயரை மாற்றிக்கொண்டார். அதனால் 1960இல் சுவீடனின் ஹெம்மெட்ஸ் ஜர்னல் பத்திரிகை வெளியிட்ட அவருடைய கார்டில் 'முகமது அலி' என்று இருந்தால், அது பிற்காலத்தில் போட்டதாகத்தான் இருக்க முடியும். அதில் தப்பில்லை, ஆனால் விற்பவர் சொல்லும் கதையும் அதற்கு ஒத்துவர வேண்டும். அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தது 1984இல். பின்னாளில் எழுத்து சிறுத்து நடுங்கியது. 'கோலாலம்பூரில் 1975இல் வாங்கியது' என்று நீட்டும் கார்டில் எழுத்து அப்படி நடுங்கியிருந்தால் கதையில் ஓட்டை இருக்கிறது. சந்தையில் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: கையெழுத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்து, கார்டுக்கு மட்டும் விலை பேசுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போகலாம்.

நம் ஆட்டக்காரர்கள் என்று வந்தால் கணக்கு தலைகீழ். மலேசியக் கால்பந்து வீரர்கள் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், 'சுப்பர்மொக்' மொக்தார் டஹாரி, 'தவுக்கே' சோ சின் ஆன் ஆகியோரின் கையெழுத்தை ஒப்பிட அமெரிக்கக் கம்பெனிகளிடம் மாதிரி எத்தனை இருந்துவிடப் போகிறது? இங்கே ஸ்லாப் வெறும் பெட்டி. அமெரிக்கப் பேஸ்பாலுக்கு இருந்ததுபோல ஆண்டுதோறும் கார்டு போட்ட பெரிய நிறுவனமும் நமக்கு அன்று இல்லை. கிடைப்பவை போட்டி நிகழ்ச்சிப் புத்தகம், பத்திரிகைப் படம், அஞ்சலட்டை. நம்மோடு இருக்கும் பழைய ஆட்டக்காரர் என்றால் நேரில் போய்க் கேட்பதே நல்ல வழி. கையெழுத்துப் போடும்போது ஒரு படம் எடுத்து, தேதியையும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். உங்கள் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் விலை இறங்கும் என்று வியாபாரிகள் சொல்வார்கள்; உண்மைதான், ஆனால் கள்ளக் கையெழுத்துப் போடுபவன் முன்பின் தெரியாத ஒருவர் பெயரை எழுதி விலையைக் குறைத்துக்கொள்வானா? பத்து, இருபது அட்டைகளை ஒரேயடியாக நீட்டாதீர்கள். ஒன்று போதும், அதுவே மரியாதை.

வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தபாலில் அனுப்பிக் காத்திருப்பது இன்னொரு வழி. போன கார்டு திரும்பாமலும் போகலாம். விலை உயர்ந்ததை அனுப்பாதீர்கள். கம்பெனியே கையெழுத்து வாங்கி உறையில் வைத்து விற்கும் கார்டுகள் 1990இல் அப்பர் டெக் கம்பெனி வெளியிட்ட, பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சனின் கார்டோடு தொடங்கின. நம்பகமானவை, ஆனால் பழசு தேடுபவருக்கு ருசிக்காது.

எதை வாங்கினாலும் நம் ஊர் ஈரம் பொது எதிரி. ஸ்லாப்புக்குள்ளும் காற்று போகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவோ கேமராவுக்கான டிரை கேபினெட்டோ வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் மார்க்கர் மை வெளிறிவிடும்.

ஆறுமுகம் 1988இல் விபத்தில் இறந்தார், மொக்தார் 1991இல் நோயில். இவர்கள் கையெழுத்தை இனி நேரில் வாங்க முடியாது, ஸ்லாப்பும் உதவாது. மிச்சமிருப்பது அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டு ஆட்டோகிராப் புத்தகங்கள். ஒரே பக்கத்தில் அதே அணியின் ஐந்தாறு பேர், வெவ்வேறு அழுத்தத்தில், ஒரே பேனாவில் போட்டிருந்தால் அந்தப் பக்கமே சாட்சி. வியாபாரிகள் பிரபலமான பெயரை மட்டும் கத்தரித்து, பழைய படத்தோடு ஒட்டிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் புத்தகத்தை முழுசாகக் கேளுங்கள்.