எண்டெகவிரா, டெனோஃபோவிரா? அப்பாவுக்கு நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவின் ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸால் வந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்து மூன்று வருடம் ஆகிறது. பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பிய அடுத்த வாரம் டாக்டர் இரண்டு பெயரைச் சொன்னார்: எண்டெகவிர், டெனோஃபோவிர். "எதுவானாலும் விடாமல் சாப்பிட வேண்டியது. வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்றார்.

இரண்டுமே புற்றுநோய் மருந்து இல்லை, ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கி வைப்பவை. கட்டி திரும்பாமல் இருக்கப் புற்றுநோய் மருந்தே கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். சொராஃபெனிப் என்ற ஈரல் புற்றுநோய் மருந்தை அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து, பலன் இல்லை என்று 2015இல் முடிவு வந்ததாம். வைரஸை அடக்கினால் பலன் உண்டு என்பதற்கு 2004லேயே சான்று இருக்கிறது. ஈரலில் தழும்பு முற்றிய 651 பேரில், லாமிவுடின் என்ற பழைய வைரஸ் மருந்து சாப்பிட்டவர்களில் 3.9 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. லாமிவுடினுக்கு வைரஸ் சீக்கிரம் பழகி, மருந்து பலிக்காமல் போய்விடும். அதனால்தான் இப்போது இந்த இரண்டும்.

வைரஸை அடக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டெனோஃபோவிர்தான் புற்றுநோயைக் கூடுதலாகத் தடுக்கிறது என்று 2019இல் கொரிய ஆய்வு ஒன்று சொன்னது. பிறகு வந்தவற்றில் சில அதை ஆமோதித்தன, சில வித்தியாசமே இல்லை என்றன. இதை வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்கு முடிவைத் தந்தது சிறுநீரகம். அப்பாவுக்கு 22 வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பழைய வகை டெனோஃபோவிர் நாள்பட்டால் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். எண்டெகவிரில் அந்தப் பயம் குறைவு. ஆனால் சிறுநீரகம் மேலும் தளர்ந்தால் அதன் அளவையும் குறைக்க வேண்டும், அதனால் ரத்தப் பரிசோதனை எப்படியும் உண்டு.

எண்டெகவிரின் தொல்லை வேறு இடத்தில். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்: முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் எதுவும் கூடாது. முதலில் இரவு பத்து மணி என்று வைத்தோம். அப்பாவோ ஒன்பது மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக் என்ற பால் டீ குடிக்காமல் வீடு திரும்ப மாட்டார். ஒரு மாதம் தினமும் இதே சண்டை. அப்புறம் அம்மாதான் விடிகாலை ஐந்துக்கு மாற்றினார். சாமி மேடையில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அதோடு மாத்திரை. திருநீறு பூசியதும் அதைப் போட்டுக்கொள்வார். தோசை ஏழரைக்குத்தான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

எல்லோருக்கும் எண்டெகவிர் என்று சொல்ல மாட்டேன். முன்பு லாமிவுடின் சாப்பிட்டவர்களிடம் வைரஸ் எண்டெகவிருக்கும் பழகிவிட வாய்ப்பு அதிகம், அவர்களுக்கு டெனோஃபோவிர்தான் சரி. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. அக்கா 1987இல் பிறந்தவள்; மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தொடங்கியது 1989இல். அப்பாவுக்கு நோய் தெரிந்த பிறகு எல்லோரும் ரத்தம் கொடுத்ததில் அவளுக்கும் வைரஸ் இருப்பது தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் சாப்பிட்டாள், குழந்தைக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டார்கள்.

சிறுநீரகத்துக்கு மென்மையான புதுவகை டெனோஃபோவிரும் இருக்கிறது, 25 மில்லிகிராம்தான். எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். எண்டெகவிரிலும் எங்கள் அனுபவம் மூன்றே வருடம்.

எதைத் தேர்ந்தாலும் டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தாதீர்கள். அடங்கிய வைரஸ் மறுபடி பொங்கி ஈரலையே செயலிழக்கச் செய்துவிடலாம். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று ஸ்கேனை விடவும் கூடாது. மருந்து ஆபத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கு அடுத்த ஸ்கேன் வரும் வியாழக்கிழமை. லீவு போட்டுவிட்டேன்.