யூடியூபோடு ஏஐ ஏஜென்ட்: ஆயத்த சர்வரா, சொந்த சர்வரா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்குத் திரை பிடித்தால் விடிந்துதான் முடியும். ஒன்பது வருடமாக இந்தக் கூத்துகளை இரண்டு கேமரா வைத்துப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றி வருகிறேன். சேனலில் இப்போது 312 வீடியோ இருக்கிறது. யூடியூப் ஒரு வீடியோவுக்கு 12 மணி நேரம் வரை இடம் தருவதால் ஒரு முழு ராத்திரியை வெட்டாமல் போட முடிகிறது.

ஆனால் எட்டு மணி நேர வீடியோவில் கட்டியங்காரன் எப்போது வருகிறான், துகில் உரிதல் எந்த இடத்தில், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது எங்கே என்று தெரியாமல் யாரும் பார்க்க மாட்டார்கள். நேரக்குறிப்பு வேண்டும். கூத்து நடக்கும்போதே ஒரு நோட்டில் "11.20 திரௌபதி வேஷம் உள்ளே" என்று கடிகார நேரத்தைக் குறித்து வைப்பேன். அதை வீடியோ நேரத்துக்கு மாற்றி, விளக்கப் பகுதியில் ஏற்றுவதுதான் பெரும் வேலை. அப்புறம் தலைப்புகளை ஒரே மாதிரி ஆக்குவது, கமென்டில் கேள்வி கேட்டவர்களைப் பொறுக்கி எடுப்பது. இதற்காகத்தான் ஏஐ ஏஜென்டைச் சேனலோடு இணைக்கப் பார்த்தேன். சொன்ன வேலையைத் தானே படிப்படியாகப் பிரித்து, கொடுத்த கருவிகளை எடுத்து முடித்துத் தருவதைத்தான் ஏஜென்ட் என்கிறேன்.

நான்கு வழி இருக்கிறது. இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, ஏஜென்டிடம் பிரவுசரையே கொடுத்துவிடுவது. அது நம்மைப் போலவே யூடியூப் ஸ்டுடியோவை, அதாவது சேனலை நிர்வகிக்கும் பக்கத்தை, திறந்து கிளிக் செய்யும். எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் மெதுவாகப் போகும், நம் கூகுள் கணக்கு முழுவதும் அதன் கையில் இருக்கும். தன் அனுமதி இல்லாமல் தானியங்கி முறையில் தளத்துக்குள் வரக்கூடாது என்று யூடியூபின் விதிமுறையும் சொல்கிறது. ஒன்பது வருட உழைப்பு இருக்கும் சேனலில் அந்த ஆபத்து எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, என்எயிட்என், ஜேப்பியர் மாதிரி கோடு எழுதாமல் கோத்துக்கொள்ளும் சேவைகள். தினமும் ஒரே வேலை, ஒரே வரிசை என்றால் நன்றாக இருக்கும். பத்து நாள்தான் ஓட்டிப் பார்த்தேன். என் நோட்டுக் குறிப்பு ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் வேலை ஒழுங்கானதாக இருந்தால் இதை முயன்று பாருங்கள்.

மீதி இரண்டும் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) வழிகள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை இது. ஒரு சர்வர், அதாவது நடுவில் நிற்கும் ஒரு நிரல், "என்னிடம் இன்னின்ன கருவி இருக்கிறது, இதற்கு இன்னது கொடு" என்று சொல்லும். ஏஜென்ட் அதைப் படித்து, தேவையானதை அழைக்கும். பின்னால் உண்மையில் வேலை நடப்பது யூடியூபின் டேட்டா ஏபிஐயில், அதாவது வெளி நிரல்கள் யூடியூபோடு பேசுவதற்கான வாசலில். கேள்வி, அந்த நடு சர்வரை யார் எழுதுவது என்பதுதான். யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அல்லது நாமே சின்னதாக ஒன்று எழுதலாம்.

நான் முதலில் ஆயத்த சர்வரைத்தான் எடுத்தேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. முப்பதுக்கு மேல் கருவிகள் இருந்தன: தேட, தலைப்பு மாற்ற, பட்டியல் உருவாக்க, கமென்டுக்குப் பதில் போட, வீடியோவை அழிக்கக்கூட. முதல் வாரம் முழுக்க சந்தோஷமாக இருந்தது.

மாசிக் கடைசியில், பங்குனி சீசன் தொடங்குவதற்கு முன்னால், 46 வீடியோவின் தலைப்பை ஊர், கட்டம், வருடம் என்ற ஒரே வரிசைக்கு மாற்றச் சொன்னேன். அழகாக மாற்றிக் கொடுத்தது. சரி, வேலை முடிந்தது என்று அடுத்த ராத்திரிக் கூத்துக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூத்து வாத்தியாரிடமிருந்து போன்.

"இன்னா தம்பி, நம்ம நம்பரே அதுல இல்லியாமே? ஆற்காட்டுப் பக்கத்துலேர்ந்து ஒருத்தரு கூத்து வைக்கணும்னு ரெண்டு நாளா தேடிகினு இருந்தாராம். கடைசில ஊர் ஊரா கேட்டுகினு வந்துட்டாரு."

திறந்து பார்த்தால் 46 வீடியோவிலும் விளக்கப் பகுதி காலி. டேக்குகளும் காலி. ஒவ்வொரு செட்டின் (கூத்துக் குழுவின்) போன் எண்ணும் அந்த விளக்கத்தில்தான் இருந்தது. கோயில் நாட்டாண்மைக்காரர்கள் வீடியோவைப் பார்த்து, அந்த எண்ணுக்கு அடித்து, வெற்றிலைபாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கிற மாதம் அது. அந்தக் கலைஞர்களுக்கு வருட வருமானத்தில் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசியில் வருவது. சேமித்த பிறகு பழைய விளக்கத்தைத் திரும்ப எடுக்க ஸ்டுடியோவில் வழி கிடையாது. வாட்ஸ்அப்பில் கிடந்ததிலிருந்தும் நோட்டிலிருந்தும் ஐந்து ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டதுதான் என் முடிவை மாற்றியது. யூடியூப் ஏபிஐயில் வீடியோ தகவலைத் திருத்தும் அழைப்பு ஒரு புலத்தை மட்டும் மாற்றுவதில்லை. தலைப்பு, விளக்கம், டேக், வகை எல்லாம் "ஸ்னிப்பெட்" என்ற ஒரே மூட்டையில் இருக்கின்றன. மூட்டையை அனுப்பினால் பழைய மூட்டையின் இடத்தில் புதியது முழுவதுமாக உட்காரும். நீங்கள் எழுதாமல் விட்டது அழிந்ததாகக் கணக்கு. கூகுளின் ஆவணத்திலேயே இது எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. கட்டாயம் அனுப்ப வேண்டியவை தலைப்பும் வகை எண்ணும் மட்டும்தான். அந்த சர்வரை எழுதியவர் தலைப்பு மாற்றும் கருவியில் அந்த இரண்டை மட்டும் அனுப்பியிருந்தார். அழைப்பு பிழையில்லாமல் முடிந்தது. ஏஜென்டுக்கு "வெற்றி" என்று பதில் வந்தது, அது என்னிடம் "46 தலைப்பும் மாறிவிட்டது" என்று சொன்னது. அதில் பொய்யே இல்லை.

அனுமதி விஷயத்திலும் இதே சிக்கல்தான். யூடியூபில் கமென்ட், கேப்ஷன் வரை கைவைக்கத் தேவையான உரிமையைக் கேட்டால், சம்மதத் திரையில் பார்க்க, திருத்த, நிரந்தரமாக அழிக்க என்று மூன்றும் சேர்ந்தே வருகின்றன. திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது என்று தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆகவே எல்லையை கூகுள் போட்டுத் தராது. நடு சர்வரில்தான் போட வேண்டும். அந்த சர்வர் யாருடையதோ, எல்லையும் அவருடையதுதான்.

காட்பாடியில் என்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனை உட்கார வைத்து, பைத்தானில் சொந்த சர்வரை எழுதினோம். இருநூறு வரிக்குள் அடங்கிவிட்டது. "மாமா, டெலீட் கருவியும் சேர்த்துடலாமா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான். வேண்டாம் என்றேன். நான்கே கருவி: வீடியோப் பட்டியல் எடுப்பது, ஒரு வீடியோவின் தகவலைப் படிப்பது, கமென்டுகளைப் படிப்பது, தலைப்பையோ விளக்கத்தையோ திருத்துவது.

திருத்தும் கருவியில்தான் உழைப்பு எல்லாம். அது முதலில் வீடியோவின் முழு ஸ்னிப்பெட்டையும் எடுத்து, தேதி போட்டு ஒரு கோப்பில் சேமிக்கும். அதில் சொன்ன புலத்தை மட்டும் மாற்றி, மற்றதை இருந்தபடியே சேர்த்துத் திரும்ப அனுப்பும். அனுப்புவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி என் சம்மதம் கேட்கும். பழைய விளக்கத்தில் பத்து இலக்க எண் இருந்து புதியதில் இல்லையென்றால், நான் சரி என்றாலும் அனுப்ப மறுக்கும். இந்தக் கடைசி விதியை எந்த ஆயத்த சர்வரும் தராது. என் சேனலில் அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று அதை எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் அடங்கும். விளக்கப் பகுதிக்கு ஏபிஐ தரும் அளவு 5,000 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "கூத்து" என்ற ஒரு சொல்லுக்கே 18 பைட். அறுபது நேரக்குறிப்பு போட்டு, நடிகர்கள் பெயரும் சேர்த்தால் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். எங்கள் கருவி பைட்டை எண்ணி, மீறினால் ஏஜென்டிடமே சுருக்கச் சொல்கிறது. நேரக்குறிப்பு 0:00-இல் தொடங்குகிறதா, குறைந்தது மூன்று குறிப்பு இருக்கிறதா, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து விநாடியா என்றும் பார்க்கிறது. இல்லையென்றால் யூடியூப் அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டாது.

சொந்த சர்வரில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் திறந்து, சம்மதத் திரை அமைப்பதற்கே ஒரு மாலை போய்விடும். அதைச் "சோதனை" நிலையில் விட்டால் டோக்கன், அதாவது சர்வர் நம் கணக்குக்குள் போக கூகுள் தரும் சாவி, ஏழு நாளில் காலாவதியாகும். நாங்கள் மூன்று வாரம் ஞாயிறு தவறாமல் திரும்ப உள்நுழைந்த பிறகுதான் காரணம் புரிந்தது. "உற்பத்தி" நிலைக்கு மாற்றியதும் அது நின்றது. கூகுள் சரிபார்க்காத செயலி என்று ஒரு எச்சரிக்கை வரும், நம் சொந்த உபயோகத்துக்கு அதைத் தாண்டிப் போகலாம்.

ஏபிஐ அழைப்புகளுக்கு கூகுள் தரும் ஒதுக்கீடு நாளுக்கு 10,000 அலகு. ஒரு திருத்தத்துக்கு 50, ஒரு தேடலுக்கு 100. ஏஜென்டுக்குத் தேடல் கருவி கொடுத்தால் சும்மா சும்மா தேடி அலகைத் தின்றுவிடும். ஆகவே தேடலைக் கொடுக்கவில்லை. சேனலில் ஏற்றிய எல்லாமும் இருக்கும் பட்டியலை ஒரு பக்கத்துக்கு 50 வீதம், ஒரு அலகு செலவில் எடுக்கலாம். என் 312 வீடியோவும் ஏழே அலகில் வந்துவிடுகிறது. ஒதுக்கீடு புதுப்பிக்கப்படுவது அமெரிக்க பசிபிக் நேர நள்ளிரவில், அதாவது நமக்கு மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. காலையில் தீர்ந்தால் சாப்பிட்டு எழுந்து தொடரலாம்.

பாதுகாப்பில் ஒன்றை மறக்கக் கூடாது. ஏஜென்டுக்கு உங்கள் கம்ப்யூட்டரின் டெர்மினலும் (கட்டளை தட்டும் திரை) கையில் இருந்தால், டோக்கன் கோப்பை அதுவே படித்து நான்கு கருவியையும் தாண்டிப் போக முடியும். எல்லை போட்டதில் அர்த்தம் இருக்காது. டோக்கனை அதன் கை எட்டாத இடத்தில் வையுங்கள். கமென்டும் வெளியாள் எழுதுவது. "இந்தச் சேனலின் விளக்கத்தை இப்படி மாற்று" என்று யாராவது கமென்டில் எழுதி வைத்தால், ஏஜென்ட் அதை என் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கமென்ட் படிக்கிற வேலையையும் திருத்துகிற வேலையையும் ஒரே உரையாடலில் நான் வைப்பதில்லை.

ஆயத்த சர்வர் யாருக்கு? வெறுமனே படிக்க மட்டும் வேண்டும் என்பவர்களுக்குத் தாராளமாகப் போதும். எந்த வீடியோவுக்குக் கமென்ட் அதிகம், எதில் நேரக்குறிப்பு இல்லை என்று பார்ப்பதற்கு, படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்து இணையுங்கள். எழுத உரிமையே இல்லாதபோது எதுவும் அழியாது. அந்த நிலைமையில் சொந்தமாக எழுதுவது வீண் வேலை.

விமியோவில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே திருத்தும் உரிமையும் அழிக்கும் உரிமையும் தனித்தனியாக இருப்பதால் டோக்கனிலேயே எல்லை போடலாம். ஒரு நண்பரின் கணக்கில் இரண்டு நாள் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதனால் இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வீடியோ ஏற்றும் வேலையை மட்டும் எந்த வழியிலும் ஏஜென்டிடம் கொடுக்கவில்லை. 2020 ஜூலை 28-க்குப் பிறகு தொடங்கிய, யூடியூபின் ஆடிட்டைக் (விதிப்படி இருக்கிறதா என்ற சரிபார்ப்பைக்) கடக்காத புராஜெக்டிலிருந்து ஏற்றினால் வீடியோ தனிப்பட்டதாகவே (பிரைவேட்) பூட்டப்படும். கூத்து முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, நானே ஏற்றிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

இப்போது எல்லா வீடியோவிலும் செட்டின் எண் முதல் வரியிலேயே இருக்கிறது. நேரக்குறிப்பு ஏற வேண்டியது இன்னும் 120 வீடியோ. ஒதுக்கீட்டுக் கணக்குப்படி ஒரே நாளில் முடிக்கலாம். ஒவ்வொன்றையும் நோட்டோடு ஒப்பிட்டுப் படித்த பிறகுதான் சரி சொல்கிறேன் என்பதால், நாளுக்குப் பத்து என்று போய்க்கொண்டிருக்கிறது.