வெள்ளக் கழிவு அகற்றும் உழவியந்திரச் சேவை, கண்டாவளை

2018 டிசெம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததிலிருந்து, தண்ணீர் வடிந்ததும் யாரைக் கூப்பிடுவது என்பது எங்கள் பகுதியில் மாரிதோறும் எழும் கேள்வி. கடைசி வெள்ளத்தின் பின்னர் வளவைத் துப்புரவாக்க, உழவியந்திரமும் அதன் பின்னால் பூட்டும் பெட்டியும் வைத்திருக்கும் உள்ளூர்க் குழுவொன்றை அமர்த்தினோம்.

வளவுக்குள் அவர்கள் செய்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. மண்வெட்டியைத் தொடுமுன்னரே, கிராம அலுவலர் சேதத்தைப் பதிந்துவிட்டாரா என்று விசாரித்தார்கள். பதிவுக்கு முன் பொருட்களை அகற்றினால் நட்டஈடு கேட்பது சிக்கலாகிவிடும். பெட்டிக் கணக்கில் கூலி வாங்குபவர்களாக இருந்தும், பழைய இரும்புக்கு விற்கக்கூடிய தகரத்தையும் விறகுக்கு உதவும் பலகைகளையும் படலையடியிலேயே பிரித்து எங்களிடம் விட்டார்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகளை அவர்கள் கையாண்ட விதத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். காய்ந்த தகடு நொறுங்கும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால், உடைந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மேலும் உடையாமல் தூக்கி, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றிக் கட்டினார்கள். சேற்றுக்குள் துருப்பிடித்த உலோகமொன்று தென்பட்டதும் வேலையை நிறுத்தி, எல்லோரையும் விலக்கி, பொலிஸ் அவசர இலக்கமான 119 இற்கு அறிவித்தார்கள். அது இயந்திர உதிரிப்பாகம் என்று பின்னர் தெரிந்தது. ஆயினும், போர்க்காலத்திலிருந்து புதைந்து கிடக்கும் வெடிபொருட்களை வெள்ளம் இடம் மாற்றிவிடக்கூடிய வன்னியில், அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் மனக்குறை எல்லாம் ஏற்றிய பின்னர் நடந்ததைப் பற்றியது. பிரதேச சபை காட்டிய இடத்துக்குப் போகும் பாதை சேறாகிக் கிடப்பதாகச் சொல்லி, கடைசிப் பெட்டிகளை வாய்க்கால் ஓரத்துப் பள்ளமொன்றில் கொட்டிப் பறித்துவிட்டார்கள். ஊறிய மெத்தைகளோடு வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்களும் அவற்றுள் இருந்தன. எங்கள் பக்கத்து வெள்ளம் கனகராயன் ஆற்றோடு சேர்ந்து, 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்தின் கடனீரேரியில் போய் விழுவது. அடுத்த மழை அந்தப் போத்தல்களையும் அங்கேதான் கொண்டுபோகும். வற்புறுத்திக் கேட்டபின் போத்தல்களைப் பொறுக்கியெடுத்தார்கள். மெத்தைகள் இன்னும் பள்ளத்திலேயே கிடக்கின்றன.

துப்புரவுக்காகத் தாராளமாக அமர்த்தலாம். ஆனால் பறிக்கும் இடத்தை முன்கூட்டியே பேசித் தீர்த்து, ஒவ்வொரு பெட்டியோடும் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பி, கடைசிப் பெட்டி உரிய இடத்தில் இறங்கிய பின்னரே மீதிக் கூலியைக் கொடுங்கள்.