மழையே பெய்யாத ராத்திரியில் 11.4 மில்லிமீட்டர்

வீட்டில் காற்று, வெப்பம், மழை அளக்கும் வெதர் ஸ்டேஷன் வைக்கப் போகிறவர்கள், கருவியை விசாரிப்பதற்கு முன்னால் அதை எதில் மாட்டித் தருவார்கள் என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை.

‘கம்பம், கிளாம்ப், மாட்டுற கூலி எல்லாம் இதுலயே அடக்கம். உலகத் தரத்துல உயரம் வெச்சுத் தர்றோம்’ என்றார் விற்றவர். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி காற்றுமானிக்குத் திறந்த வெளியில் 10 மீட்டர், வெப்பமானிக்குத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர். எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும் கருவிக்கு ‘தர உயரம்’ எங்கிருந்து வரும்?

வந்த ஆள் கையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிவிசி பைப், பளபளவென்று இரண்டு கிளாம்ப், ஒரு கட்டு வெள்ளை கேபிள் டை. கிளாம்புக்குள் பைப் லொடலொடவென்று ஆடியது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி இறுக்கினார். என்ன சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், பலத்த காற்றடித்த ஒரு ராத்திரி. காலையில் தரை காய்ந்து கிடக்கிறது, திரையில் 11.4 மி.மீ. மழை! விற்றவரிடம் சொன்னால், ‘சென்சார் அப்படித்தான் சார், காலிப்ரேட் பண்ணி அளவைச் சரிசெய்யணும், அதுக்குத் தனிக் கட்டணம்.’

மழைமானிக்குள் சின்ன சீசா பலகை மாதிரி இரண்டு கிண்ணங்கள். ஒரு பக்கம் நிறைந்து சாய்ந்தால் 0.2 மி.மீ. என்று கணக்கு. மாடிக்குப் போய்க் கம்பத்தைப் பிடித்து உலுக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் 0.4, அப்புறம் 1.2. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். கம்பத்தை ஆடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடியில் ஊசித்துளை போட்ட டப்பா வழியாக 400 மில்லி தண்ணீரைச் சொட்டவிட்டேன். 20 மி.மீ. காட்ட வேண்டும், 19.6 காட்டியது. சென்சார்மேல் ஒரு குற்றமும் இல்லை. காலிப்ரேஷன் காசு மிச்சம்.

அதற்குள் சுவரில் பழுப்புக் கோடு வழிய ஆரம்பித்திருந்தது. ‘ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது’ என்று தந்த கிளாம்பில் காந்தத்தை வைத்தால் டப்பென்று ஒட்டுகிறது. முலாம் பூசிய வெறும் இரும்பு. 304 ரக ஸ்டெயின்லெஸ் என்றால் வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். வெள்ளை டைகள் வெயிலில் மொறமொறத்து ஒவ்வொன்றாகத் தெறித்தன. வெளியில் கட்ட, வெயில் தாங்கும் கறுப்பு ரகம்தான் வேண்டும்.

ஒரு சாயங்காலம் பைப் அடியோடு முறிந்து விழுந்தது. காற்றுமானியின் கிண்ணங்கள் மூன்றும் போச்சு.

‘தப்பா மாட்டினா வாரண்டி கிடையாது சார்.’

‘மாட்டினது உங்க ஆள்தானே?’

‘அவர் எங்க ஆள் இல்ல, தெரிஞ்சவர்.’

பில்லை எடுத்துப் பார்த்தேன். கருவியின் பெயர் மட்டும் இருந்தது. கம்பம், கூலி பற்றி ஒரு வரி இல்லை. நீங்களாவது அந்த வரியை எழுதி வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்போது நானே துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் நட்டு, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, ரசமட்டம் பார்த்து மாட்டியிருக்கிறேன். காற்றடிக்கும் ராத்திரிகளில் மழை 0.0. பழைய சாமான்களில் உருப்படியாக மிஞ்சியது அந்த சைக்கிள் ட்யூப் ஒன்றுதான். புதுக் கிளாம்புக்கு அடியிலும் அதையே சுற்றியிருக்கிறேன்.