பழைய பேஜ்மேக்கர் கோப்புகள்: ஒருங்குறிக்கு மாற்றுவதா, பழைய மென்பொருளையே ஓடவிடுவதா?

பொது மின்னூலகம் ஒன்றுக்காகச் சிற்றிதழ்களின் அச்சுக் கோப்புகளைச் சேர்த்துவருகிறோம். பதிப்பாளர்கள் தரும் குறுந்தகடுகளில் இருப்பவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் அமைத்து, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு இக்கோப்புகளைத் திறப்பதில்லை. ஆகவே, உரையைப் பிரித்தெடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது, அல்லது பழைய விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளில்) ஓடவிட்டுக் கோப்பை அப்படியே வாசகருக்குக் காட்டுவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

எமுலேட்டரின் சிறப்பை மறுக்க முடியாது. பக்க அமைப்பு, கோட்டோவியம், தலைப்பெழுத்து எல்லாம் வடிவமைப்பாளர் கண்டவாறே நிற்கும். உலாவிக்குள்ளேயே பழைய மென்பொருளை ஓட்ட முடியும் என்பதை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக்காப்பகம் காட்டியிருக்கிறது. ஆனால் இயங்குதளம், பேஜ்மேக்கர், எழுத்துரு ஆகிய மூன்றுக்கும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான உரிமம் வேண்டும். அடியில் இருக்கும் கணினி மாறும்போதெல்லாம் அனைத்தையும் சரிபார்க்கத் தேர்ந்த ஆளும் வேண்டும். சிறிய நூலகத்துக்கு இது தீராத செலவு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது செலவன்று, தேடல். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். தேடுபொறிக்கோ, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கோ அது பொருளற்ற எழுத்துக் குவியல். எமுலேட்டரில் அழகாகத் தெரியும் பக்கத்திலும் நிலை இதுவே. அந்தக் கோப்பிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப்பிலும் பெரும்பாலும் இதுவே. ஓர் ஆய்வாளர் ஒரு கவிஞரின் பெயரைத் தேடும்போது இதழ் கண்ணில் படவில்லை என்றால், அதை எத்தனை நேர்த்தியாகப் பாதுகாத்தும் பயன் குறைவு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்ததால்தான், இன்று ஒரு சங்கப்பாடல் வரியைத் தட்டினாலே பாடல் முழுவதும் கிடைக்கிறது.

மாற்றுவது எளிய வேலை என்று சொல்ல வரவில்லை. வெறும் உரையாக எடுத்தால், குறிமுறையை மாற்றும் மென்பொருளான ‘மாற்றி’, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்றே கருதிக் குழப்பிவிடும். அதனால், பேஜ்மேக்கர் நிறுவிய பழைய கணினி ஒன்றில் கோப்பைத் திறந்து, எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டும் எழுத்துருப் பெயர் அழியாதபடி ஆர்டிஎஃப் என்ற ஆவண வடிவில் ஏற்றுமதி செய்துகொள்கிறோம். பழைய கணினி இங்கே ஒருமுறை தேவைப்படுகிறது, என்றென்றைக்கும் அன்று. இதைவிடக் கடினமானது ஔகாரம். பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் பின்குறிக்கும் ஒரே குறிதான். கவனமற்ற மாற்றி ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ ஆக்கும். மிகுந்த எச்சரிக்கையுள்ள மாற்றியோ ‘கௌரவம்’ என்பதை ளகரமிட்டுக் ‘கெளரவம்’ என்றே விட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்தும் தப்பிவிடும், தேடலில் மட்டும் அகப்படாது. அந்தக் குறியை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே என்ற விதி பெரும்பாலான இடங்களைத் தீர்க்கிறது. எஞ்சியவற்றைச் சொற்பட்டியல் கொண்டு மனிதர்தாம் பார்க்க வேண்டும். இந்த உழைப்பு ஓர் இதழுக்கு ஒருமுறைதான், எமுலேட்டரின் பராமரிப்போ ஆண்டுதோறும் தொடரும்.

மாற்றத்தில் பக்க அழகு போய்விடுகிறது என்ற குறை நியாயமானது. அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் உரையோடு சேர்த்து வைக்கிறோம். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் அழிப்பதில்லை, நாளை இதைவிடத் தேர்ந்த மாற்றி வந்தால் மீண்டும் மூலத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒலியும் அசைவும் கலந்த பல்லூடகக் குறுந்தகடுகளைப் பொறுத்தவரை இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எங்களிடம் வந்தவை மிகச் சிலவே. அவற்றில் உரையை மட்டும் பிரித்தால் படைப்பே சிதைகிறது என்பதால், அங்கே எமுலேட்டரே சரியான வழி என்று இப்போதைக்கு எண்ணுகிறேன். ஃப்ளாஷ் என்ற பழைய அசைவூட்ட மென்பொருளில் செய்தவற்றுக்கு, அவற்றை இன்றைய கணினியில் ஓட்டும் ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருளை முதலில் முயன்று பார்ப்பது நல்லது.